கேட்டு வாங்கிய துணிகள்

அக்காவுக்கு இரண்டு கையும் ஒரே வேகம். கொழுந்து கிள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இல்லை, ஒவ்வொருத்திக்கும் ஒரு கை கொஞ்சம் சோம்பேறி. எனக்கு இடது கை. அக்காவுக்கு அந்தச் சோம்பல் வாய்க்கவில்லை. செடிமேல் அவள் கைகள் தனித்தனியே மேயும். முகம் எங்கோ மேகத்தில் இருக்கும்.

தேயிலைக்கு விலை இல்லாமல் போன வருடங்கள். தேவாலாப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் முதலில் ஃபேக்டரி நின்றது, பிறகு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு நின்றது, பிறகு டிஸ்பென்சரியைப் பூட்டிக்கொண்டு நர்ஸம்மா ஊருக்குப் போனார். சங்கு ஊதாத காலை எப்படி இருக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. விடிந்துவிட்டதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். மழை பெய்துகொண்டே இருந்தது. கிள்ளாத செடிகள் இடுப்பைத் தாண்டி, மார்பைத் தாண்டி, மரமாகும் ஆசையோடு எழுந்துகொண்டிருந்தன.

அப்பாவும் மாமாவும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான பாடியில், எங்கள் ஒற்றை அறையில் அம்மா, அக்கா, நான். அந்த அறைக்குள் அக்காவின் கைகள் என்ன செய்யும்? பாயிலிருந்து கோரையைப் பிய்த்தன. முந்தானையிலிருந்து நூலை உருவின. கொழுந்தின் சாறு ஊறி ஊறிக் கறுத்திருந்த விரல்நுனிகள், சோப்புக்கும் சாம்பலுக்கும் மசியாத அந்தக் கறுப்பு, மெல்ல வெளுத்தது. வெளுத்த விரல்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் மாசமாக இருந்தாள். மூன்றாவது முறை. முதல் குழந்தை மூச்சில்லாமல் வந்தது. இரண்டாவது ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனது. இந்த முறை யாரும் எதுவும் பேசுவதில்லை. வயிறு வளர்ந்தது, பேச்சு சுருங்கியது. அவள் உட்கார்ந்திருக்கும் மூலையைப் பார்க்காமலே அம்மா சோறு வைப்பாள்.

சுவரை ஒட்டிய அறையில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அந்த அம்மாளை நாங்கள் சிலோனக்கா என்போம். ஒரு காலையில் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ரெண்டு போன வயித்துல மூணாவது தங்கணும்னா சொந்தத் துணி ஆகாது புள்ள. வீடு வீடாப் போயி மடியேந்திக் கேக்கணும். உசுரோட இருக்கிற புள்ளைங்க இருக்கிற வீட்டுத் துணியா வாங்கணும். அதுல போட்டுத்தான் வளக்கணும். இது ஊர்ப் பிச்சையில வளர்ற புள்ளைன்னு எமன் திரும்பிப் பாக்காமப் போயிருவான்."

அம்மா விறகைத் தள்ளினாள். "பிச்சை எடுக்கறதுக்கு இனி வேண்டுதல் வேற வேணுமாக்கும். பாடியே அதத்தான பண்ணுது."

"சும்மா எடுக்கிறது வேற, வேண்டிக்கிட்டு எடுக்கிறது வேற."

"எமனுக்கு எங்களத் தெரியாதாக்கும். ரெண்டு தடவை வந்து போனவன்."

அக்கா எழுந்தாள். அவள் எழுந்ததை அன்றுதான் நாங்கள் பல நாட்களுக்குப் பிறகு பார்த்தோம். "போலாம்," என்றாள்.

நான் குடை பிடித்தேன். அவள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். எதிர் வரிசையில் முதல் வீடு. அங்கே இருந்த பெண் எனக்கும் இளையவள். அவள் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு மஞ்சள் கவுனைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "சின்னதாப் போச்சுங்கக்கா. நல்லாப் போட்டு ஆடுனா இதுல," என்றாள். அந்தச் சொல்லும் மடியில் விழுந்தது போல அக்கா துணியைச் சேர்த்து அணைத்தாள்.

அடுத்த வீட்டில் ஒரு தலையணை உறை. அதற்கடுத்து, பள்ளிக்கூடச் சட்டையின் நீல முதுகு மட்டும். கைகளை வெட்டி வேறெதற்கோ ஆக்கியிருந்தார்கள். ஒருத்தி லுங்கியோடு வந்தாள்.

"ஏனுங்க, கொழந்தை துணியல்லங்க கேட்டோம்?" என்றேன்.

"இவனும் கொழந்தை மாதிரித்தான் அம்மிணி. எந்நேரமும் படுத்தே கெடக்கறான், பசிச்சாத்தான் கத்தறான்."

உள்ளேயிருந்து அவள் புருஷன், "கேட்டுதா, கேட்டுதா, இவ வாய," என்றான். அக்கா சிரித்தாள். வரிசையே எட்டிப் பார்த்துச் சிரித்தது. கடைசி வீட்டில் கதவு திறக்கவில்லை. உள்ளே பேச்சு மட்டும் கேட்டது, எங்களுக்குக் கேட்கட்டும் என்றே.

"தங்காத வயிறு. என்ற புள்ளை துணிய எதுக்குங்க அங்க குடுக்கோணும்?"

அக்கா முந்தானையை மடக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். தகரக் கூரையின் ஓட்டையிலிருந்து தண்ணீர் அந்த மடிக்குள் சொட்டியது. பிறகு திரும்பினோம்.

கேட்டு வாங்கியதில் எதையும் கழிக்கக் கூடாது, எல்லாம் பிள்ளையின் மேல் பட வேண்டும் என்பது சிலோனக்காவின் அடுத்த கட்டளை. லுங்கியும் தலையணை உறையும் ஒரு சிசுவின் மேல் எப்படிப் படும்? அக்கா எல்லாவற்றையும் பிரித்து, நல்ல இடங்களை வெட்டி எடுத்து, ஒரே விரிப்பாக இணைக்க உட்கார்ந்தாள். அம்மா பதறினாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு முன்கூட்டியே எதையும் தைத்து முடிக்கக் கூடாது என்பது அம்மாவின் பக்கத்துக் கட்டளை.

"முடிக்க வேணாம்," என்றாள் சிலோனக்கா. "புள்ள வெளிய வர்ற வரைக்கும் ஒரு ஓரம் தொறந்தே கெடக்கட்டும். முடிஞ்சாத்தானே குத்தம்?"

அப்படித் தொடங்கியது அந்த முடியக் கூடாத தையல்.

நூலுக்கு அரிசிச் சாக்கு. சாக்கின் வாயில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் ஒரே இழையாக வந்துவிடும். சேர்த்து விரலில் சுற்றிக்கொள்வாள். மஞ்சள் கவுனை நடுவில் வைத்தாள். அதைச் சுற்றி நீலம், அதைச் சுற்றிக் கட்டம் போட்ட லுங்கி. ஓட்டுத் தையல்தான், வேறு வேலைப்பாடு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் தையல் ஓரத்துக்கு வந்ததும் மற்றவர்களைப் போலத் துணியைத் திருப்ப மாட்டாள். ஊசியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, வந்த வழிக்குப் பக்கத்திலேயே திரும்பிப் போவாள். செடி வரிசையில் ஏறுவதும் இறங்குவதும் போல. ஏறும்போது ஒரு கை, இறங்கும்போது ஒரு கை.

தைக்கும்போது மட்டும் அவள் மூச்சு சீராக இருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மழைக்கு அடியில், அடுப்புச் சத்தத்துக்கு அடியில், அந்த மூச்சு. ஊசி இறங்கும், எழும். அவள் எதையும் நினைக்கவில்லை என்று முகம் சொன்னது. நினைக்காமல் இருப்பதற்கு ஒரு மனிதப் பிறவிக்கு எவ்வளவு துணி வேண்டியிருக்கிறது! திடீரென்று ஊசியை நிறுத்தி வயிற்றைத் தொடுவாள். "பொரள்றா," என்பாள். எப்போதும் 'றா' தான். பெண் என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

பாடி காலியாகிக்கொண்டிருந்தது. திருப்பூருக்கு, கேரளாவுக்கு, எங்கெங்கோ. போகிறவர்கள் பாத்திர மூட்டையோடு எங்கள் வாசலில் நின்று ஒரு துணியைத் தந்துவிட்டுப் போனார்கள். யார் தொடங்கினார்களோ தெரியாது, அது வழக்கமாகிவிட்டது. மஞ்சள் கவுன் தந்த பெண்ணும் குடும்பத்தோடு பந்தலூருக்கு அந்தப் பக்கம் வேறொரு எஸ்டேட்டுக்குப் போனாள். ஒவ்வொரு வீடு பூட்டப்படும்போதும் விரிப்பு ஒரு சாண் வளர்ந்தது. சிசுவுக்கு என்று தொடங்கியது, ஆள் இரண்டு பேர் படுத்துப் போர்த்திக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. துவைத்தால் காயாது. அடுப்புக்கு மேலே கயிற்றில் கிடந்து புகை குடித்தது. அதற்குக் கீழேதான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

வலி முன்னதாகவே வந்துவிட்டது. மரம் ஏற்ற வந்த ஒரு ஜீப்பில் கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரிப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. ஈரமாக இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவரலாம் என்றாள் அம்மா. பிறந்தது பெண்தான். அழுதாள். நாங்கள் மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பகல் முழுக்க இருந்தாள். டாக்டரும் நர்ஸும் மாறி மாறி வந்து பார்த்தார்கள். செய்ய முடிந்ததைச் செய்தார்கள். பொழுது சாயும்போது அவள் இல்லை.

எஸ்டேட்டிலேயே, ஓடைக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே குழி. மீதமிருந்த பாடிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். திருப்பூரிலிருந்து அப்பாவும் மாமாவும் வந்து சேரும்வரை காத்திருக்க முடியவில்லை. குழந்தையைச் சுற்ற அம்மா தன் சேலையைக் கிழித்தாள். அக்கா, "அதக் கொண்டா," என்றாள் என்னிடம். எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் நகர்ந்தபோது பெண்கள் பக்கம் ஒரு அமைதி விழுந்தது. மழைக்குள் அமைதி விழுந்தால் நன்றாகவே தெரியும். சிலோனக்காதான் வாயைத் திறந்தாள்.

"வேணாம் புள்ள. அதுல எல்லாப் புள்ளைங்க துணியும் இருக்கு. உசுரோட இருக்கிற புள்ளைங்க துணிய மண்ணுக்குள்ள போட ஏலாது."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிலோனக்கா சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அம்மாவின் சேலையிலேயே குழந்தை போனது.

அதன் பிறகுதான் அவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் நீலச் சட்டை தந்தவள். கொஞ்சம் உப்பு வேண்டும் என்று வந்தாள். கையில் கிண்ணம்கூட இல்லை. அக்கா மூலையிலிருந்து கேட்டாள்.

"உப்பு வேணுமா, துணி வேணுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பையனுக்கு நேத்தையில இருந்து இருமலுங்கக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

துக்க வீட்டில் கிடக்கிற துணியில் தன் பிள்ளையின் வாடை இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அந்தப் பயம். நாங்களாக இருந்தாலும் அப்படித்தான் பயந்திருப்போம். அக்கா விரிப்பைக் கயிற்றிலிருந்து இறக்கி, ஒரு பிளேடை எடுத்து, ஒவ்வொரு தையலாக அறுத்தாள். துணியில் கீறல் விழாமல். நீலத் துண்டை மடித்து அவள் கையில் வைத்தாள். "துவச்சா ஊசித் தடம் மறஞ்சுரும்," என்றாள்.

அடுத்த நாள் தலையணை உறை. அடுத்து இன்னொன்று. லுங்கிக்காரி மட்டும் வந்து வாசலில் நின்று, "என்றத எடுத்துறாதீங்க, அவன் எங்கீங்க சாகப் போறான்," என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டு போனாள். அம்மாவுக்கு ஆத்திரம். வாங்க வருகிறவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள், பேர் சொல்லாமல் திட்டினாள். அக்கா திட்டவில்லை. துண்டு எடுத்த இடத்தில் விழுந்த ஓட்டையை, அக்கம்பக்கத்துத் துணியை இழுத்துச் சேர்த்து மூடிவிடுவாள். பிரிக்கும்போதும் அவள் மூச்சு சீராக இருந்தது. மூடும்போதும். அதைத்தான் நான் இன்றுவரை நினைத்து நினைத்து உடைந்துபோகிறேன். கைக்கு வேலை இருந்தது. அது சேர்க்கிற வேலையா பிரிக்கிற வேலையா என்று கைகள் கேட்கவில்லை. அவள் அழவே இல்லை. பால் கட்டி நெஞ்சு கொதித்தபோதும், பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு குனிந்து ஊசி கோத்தாள்.

பாடியில் இருந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகு, ஊரைவிட்டுப் போனவர்களுடைய துண்டுகள் மட்டும் எஞ்சின, அந்த லுங்கியோடு. நடுவில் மஞ்சள் கவுன். விரிப்பு பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் அந்தக் கவுன் தந்த பெண் வந்தாள். மேல் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். தோளில் மகள், தலை தொங்கிக் கிடந்தாள். பிளாஸ்டிக் படுதாவுக்குள்ளிருந்து அந்தக் குழந்தையின் சூடு எனக்கே அடித்தது.

"மூணு நாளா வயித்தால போகுதுங்கக்கா, காச்சலு வேற. எறங்கவே மாட்டீங்குது. அந்தக் கவுன மட்டும் குடுத்துருங்க. அடுத்த பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன்."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எந்த பஸ்ஸுல வந்தே?"

"கூடலூர் பஸ்ஸுதானுங்க."

"கூடலூர் போற பஸ்ஸு. அத நடுவழில உட்டுப்போட்டு, கொழந்தையத் தூக்கிக்கிட்டு, இதுக்கா எறங்கி வந்தே?"

"துணி இங்க இருக்கறப்ப மருந்து எப்படிங்கக்கா கேக்கும்?"

அக்கா பிளேடை எடுத்துக் கவுனின் ஒரு பக்கத்தை அறுத்தாள். நடுத்துண்டு. நாலு பக்கமும் தையல், அதுவும் போய்த் திரும்பிய இரட்டைத் தையல். ஒரு பக்கம் முடியும் முன்பே குழந்தை ஒரு மாதிரி முனகியது. அக்காவின் கை நின்றது. அந்த முனகலை அவளுக்குத் தெரியும்.

சிலோனக்கா கதவருகே வந்து நின்றிருந்தாள். "சுணங்காமக் கெளம்புங்க," என்றாள். "துணி கெடக்கட்டும்."

"துணி வேணும்," என்றாள் அந்தப் பெண். அழுதாள்.

"வரும். நட," என்றாள் அக்கா. விரிப்பை அப்படியே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பஸ்ஸுல பிரிச்சுத் தர்றேன். நீயும் வா," என்றாள் என்னிடம். பிரசவித்த உடம்போடு வெளியே போகாதே என்று அம்மா கத்தியது எங்கள் முதுகில் விழுந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். தார்ப்பாய் இறக்கிவிட்டிருந்தார்கள், உள்ளே பாதி இருட்டு. அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு எங்களிடமிருந்து தள்ளி உட்கார்ந்தாள். விரிப்பு படக் கூடாதே என்று. அக்கா நாடுகாணி வளைவுகளில் ஆடி ஆடி அறுத்தாள். அறுந்த நூல் துணுக்குகள் அவள் மடியிலிருந்து தரையில் விழுந்து, ஆட்களின் செருப்புகளோடு இறங்கிப் போயின. மூன்று பக்கம் பிரிந்தது. நான்காவதற்குள் கூடலூர்.

அதே ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் அக்கா நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். விட்டுவிடச் சொல்லி ஆட்டினாள், உள்ளே போனாள். குழந்தைக்கு ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தடவித் தடவித் தேடியபோது காலைப் பிடித்துக்கொண்டது அக்காதான். பெற்றவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

வயிற்றால் போவது நிற்கவில்லை. கட்டியிருந்த துணி போனது, படுதாவுக்குள் சுற்றியிருந்த துண்டு போனது. என் தாவணியைக் கிழித்தோம், அதுவும் போனது. பெற்றவள் வீட்டிலிருந்து மாற்றுத் துணி எதுவும் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பி வந்திருந்தாள். வெறும் ரெக்ஸின் மெத்தையில் அந்தக் குழந்தை நடுங்கிக்கொண்டு கிடந்தது.

அந்தப் பெண் அக்காவின் கக்கத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அதக் குடுங்கக்கா."

"கவுனா? இன்னும் ஒரு பக்கம் இருக்குது."

"கவுன் இல்லீங்க. முழுசும்."

"இது படக் கூடாதுன்னுதான வந்தே?"

"இப்ப வேணுமுங்க."

அக்கா கொஞ்ச நேரம் விரிப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தரமாட்டாள் என்றுகூட எனக்குத் தோன்றியது. தன் மகளின் மேல் படாத துணி. பிறகு உதறினாள். அடுப்புப் புகை வாடை வார்டு முழுக்கப் பரவியது, பக்கத்துக் கட்டில்காரி மூக்கைச் சுளித்தாள். பாதியைக் கீழே விரித்து, குழந்தையைக் கிடத்தி, பாதியை மேலே மடித்துப் போர்த்தினாள். நனைந்த ஓரத்தை மடித்துவிட்டுக் காய்ந்த ஓரத்தை இழுப்பாள். அதுவும் நனைந்தால் குழாயடியில் கசக்கி ஜன்னல் கம்பியில் போடுவாள். அவ்வளவு பெரிதாக இருந்ததால் மாற்றி மாற்றி இழுக்க முடிந்தது.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. குழந்தை கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டு, ஒரு பக்கத் தையலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த தன் பழைய கவுனைப் பிடித்து இழுத்தது.

"அதையும் சேத்து ஒரு ஓட்டு ஓட்டிருங்கக்கா," என்றாள் அந்தப் பெண். "தொங்குது. பிஞ்சுபோயிரும்."

"நூல் இல்ல கண்ணு," என்றாள் அக்கா. "எல்லாம் பஸ்ஸுல கொட்டிப் போச்சு."

கழுத்து வரை போர்த்திவிட்டு அவள் எழுந்தாள். விரிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது, கூடலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. பந்தலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா, ஒரு கையில் ஒன்றுமில்லாமல். வண்டி கிளம்பி முதல் வளைவு திரும்பியதும் அவள் வாய் திறந்துகொண்டது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, ஒரு கிழவர் எழுந்து இடம் விட்டார், அவள் உட்காரவில்லை. குழந்தை போன நாளிலிருந்து வராதது எல்லாம் வந்தது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். "எங்கம்மா போகணும்?"

அவளால் சொல்ல முடியவில்லை. நான் காசை நீட்டினேன்.

"தேவாலா. ரெண்டு பேர்."